வேலியில்லாத மலையும் விலகிப்போகாத ஆடுகளும்



ஆடுகளைப் பற்றியும் மேய்ப்பனைப் பற்றியும் நாம் எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறோம். ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளாய் உட்கார்ந்த காலம் முதல் கேட்டு வருகிறோம். மேய்ப்பன் ஆட்டைத் தேடுகிறதைக் கேட்டிருக்கிறோம், தோளில் சுமக்கிறதைக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு ஆட்டுக்குட்டி தன் இடத்தையும் வழியையும் யாரிடத்தில் கற்றுக்கொள்கிறது? என் அண்ணன் மகனுடைய விவாகத்துக்காக இங்கிலாந்து தேசத்துக்குப் போயிருந்தபோது, பெண் வீட்டாருடைய பண்ணையில் இந்தக் கேள்விக்குப் பதிலைக் கண்ணால் பார்க்கும்படி தேவன் கிருபை செய்தார். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்க்கிற நம் எல்லாருக்கும் அது பிரயோஜனமாயிருக்கும் என்று இதை எழுதுகிறேன்.

கல்யாண வீடும் கருப்புக் குட்டிகளும்

என் அண்ணன் மகன் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறான். பெண்ணும் அவனோடு வேலை பார்க்கிறவள்தான். அவள் பிறந்த வீடு இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியா என்ற பகுதியில் இருக்கிறது. 'லேக் டிஸ்ட்ரிக்ட்' என்று சொல்லுகிறார்கள், அதாவது ஏரிகளின் நாடு. இங்கிலாந்திலேயே உயரமான மலையாகிய ஸ்காஃபெல் பைக் அங்கேதான் உண்டு. உயரம் 978 மீட்டர். நம் கொடைக்கானலில் பாதிகூட இல்லை. ஆனால் குளிரும் காற்றும் மழையும் சேர்ந்தால் அந்த மலை லேசுப்பட்டதல்ல.

ஏப்ரல் மாதக் கடைசியில், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகவே அண்ணனும் மதினியும் நானும் போய்ச் சேர்ந்தோம். மான்செஸ்டரில் விமானத்தை விட்டு இறங்கி, ரயிலில் வடக்கே பென்ரித் என்ற ஊருக்குப் போய், அங்கிருந்து காரில் ஒரு பள்ளத்தாக்குக்குள் நுழைந்தோம். சாந்தே வைக்காமல் கல்லின்மேல் கல்லாய் அடுக்கிய சுவர்கள் இரண்டு பக்கமும். சுவருக்குள்ளே பச்சைப் புல், புல்லின்மேல் ஆடுகள். தாய் ஆடு சாம்பல் நிறம், முகம் மட்டும் வெள்ளை. குட்டிகளோ கரிக்கட்டை மாதிரி கருப்பு!

மதினி கிராமத்தில் ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்கள். கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, "என்னடே இது, தாய் ஒரு நிறம் பிள்ளை ஒரு நிறம்?" என்று மகனிடம் கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டு, "இது ஹெர்ட்விக்ங்கிற இனம்மா. பிறக்கும்போது எல்லாம் கருப்பு. வளர வளர முகம் வெளுக்கும், உடம்பு தவிட்டு நிறமாகி அப்புறம் சாம்பலாகும். வயசானா இன்னும் வெளுக்கும்" என்றான். "நம்ம தலைமுடி மாதிரின்னு சொல்லு" என்றார் அண்ணன்.

சம்பந்தி நெடிய மனுஷன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவர் பேசுகிற இங்கிலீஷ் எங்களுக்குப் பாதி பிடிபடவில்லை. மகன்தான் இரண்டு பக்கத்துக்கும் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனான். அது குட்டி போடுகிற காலமானபடியால், மகள் கல்யாணமென்றாலும் மனுஷன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் விளக்கோடு ஆடுகளைப் பார்த்துவிட்டு வருவார்.

மதினியின் கண்ணீர்

வந்து சேர்ந்த அன்று ராத்திரி மதினிக்குத் தூக்கமில்லை. பக்கத்துக் கட்டிலில் விசும்பல் கேட்டது. என்ன மதினி என்றேன்.

"பெத்து வளத்து அனுப்பினது நாம. இனி இவன் இந்த ஊர்க்காரன்தான். இவனுக்குப் பிறக்கிற பிள்ளை என்னை ஆச்சின்னு கூப்பிடுமா? ஒரு ஜெபம் சொல்லத் தெரியுமா? நம்ம பேச்சு ஒரு வார்த்தையாவது வாயில வருமா? நாம அங்க, பிள்ளை இங்க. யாரு இதையெல்லாம் பாத்துக்கிடுவா? நீயே சொல்லு" என்றார்கள்.

என்னிடத்தில் பதில் இல்லை. "அழாதீங்க மதினி, கல்யாண வீட்டுல முகம் வீங்கி நிக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். இந்தக் கண்ணீர் அவர்களுக்கு மட்டும் உரியதா? வாசிக்கிற உங்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள்! எத்தனை தாய்மார் இதே கேள்வியைத் தலையணையோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள்!

வேலி எங்கே?

மறுநாள் மழை விட்டிருந்தது. சம்பந்தி எங்களைக் கூட்டிக்கொண்டு பண்ணையைக் காட்டினார். கல்சுவர்கள் மலையடிவாரத்தில் கொஞ்ச தூரம் ஏறி, ஒரு இடத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே திறந்த மலை. வேலி இல்லை, சுவர் இல்லை, காவலாள் இல்லை. அந்த உயரத்தில் தவிட்டு நிறத்தில் ஆடுகள் புள்ளி புள்ளியாய் மேய்ந்துகொண்டிருந்தன.

மதினி உடனே கேட்டார்கள்: "வேலி எங்க? மேய்க்க ஆள் எங்க? நம்ம ஊரா இருந்தா ஆடு இதுக்குள்ள அடுத்தவன் வயலுக்குள்ள போயி, வீட்டு வாசல்ல சண்டை வந்திருக்குமே!"

சம்பந்தி சொன்ன பதிலை மகன் தமிழில் சொன்னான். அந்த மலையில் பல பண்ணைகளின் ஆடுகள் மேய்கின்றன. ஒவ்வொரு மந்தைக்கும் மலையில் ஒரு பங்கு உண்டு. அதை அவர்கள் 'ஹெஃப்ட்' என்கிறார்கள். அந்த எல்லையை ஆடுகள் அறிந்திருக்கின்றன. எங்கே நல்ல புல், எங்கே தண்ணீர், வடகாற்று அடித்தால் எந்தப் பாறைக்குப் பின்னே ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அவைகளுக்குத் தெரியும். யார் கற்றுக்கொடுத்தது? தாய் ஆடு. வசந்த காலத்தில் பிறந்த குட்டி, முதல் கோடைகாலம் முழுவதும் தாயின் பக்கத்திலேயே மலையில் அலைகிறது. தாய் திரும்புகிற இடத்தில் அதுவும் திரும்புகிறது. அந்த ஒரு கோடையில் பழகியது ஆயுசுக்கும் மறப்பதில்லை. அது பெரிதானதும் தன் குட்டிக்கு அப்படியே காட்டிக்கொடுக்கிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாய், நூற்றாண்டுக் கணக்கில் நடந்து வருகிறது.

நம் தேசத்துக் கீதாரிகளை நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து, அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள். மேய்ப்பன் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், ராத்திரி காவல் இருக்க வேண்டும். அங்கே மலையில் ஆடு தாயிடம் கற்ற வழியினாலேயே நிலைத்திருக்கிறது.

ஆட்டைப் புத்தியற்ற ஜீவன் என்று நாம் லேசாய்ச் சொல்லிவிடுகிறோம். கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள பாப்ரகாம் ஆய்வு நிலையத்தார் 2001-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு ஆடு வேறு 50 ஆடுகளின் முகங்களை அடையாளம் கண்டு, இரண்டு வருஷத்துக்கு மேலும் நினைவில் வைத்திருக்கிறது என்று காட்டினார்கள். சிருஷ்டிகர் அதற்குள் வைத்த ஞாபகம் பெரியது.

தூரமாய்ப் போன குட்டிகள்

"அப்போ மேலே நிற்கிறது தாய் ஆடுகளா?" என்று நான் கேட்டேன்.

இல்லையாம். தாய் ஆடுகள் குட்டி போடுவதற்காகக் கீழே சுவருக்குள் வந்துவிட்டன. மேலே நின்றவை போன வருஷத்துக் குட்டிகள். அவைகளுக்கு முதல் குளிர்காலத்தை மலையில் தாங்க முடியாது. ஆகையால் நவம்பர் வாக்கில் தாயைவிட்டுப் பிரித்து, தாழ்ந்த நிலத்திலுள்ள வேறொருவருடைய பண்ணைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஐந்து மாதம் அந்நிய நிலம், அந்நியப் புல். ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பக் கொண்டுவந்து மலையில் விடுகிறார்கள். தாய் கூட இல்லை. ஆனாலும் போன கோடையில் தாயோடு மேய்ந்த அதே பங்கைத் தேடிப் போய் நிற்கின்றன!

மதினி மலையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு மகனைப் பார்த்து, "நீ இங்க தனியா இருந்தியே நாலு வருஷம். காலையில எந்திரிச்சதும் என்ன செய்வ?" என்று கேட்டார்கள்.

அவன் கொஞ்சம் கூச்சத்தோடு, "நீங்க அஞ்சு மணிக்கு அடுக்களையில முழங்கால் போடுவீங்கல்லம்மா. எனக்கு இங்கயும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துருது. நைட் டூட்டி இல்லாத நாள்ல எந்திரிச்சு ஜெபம் பண்ணிட்டுத்தான் மறு வேலை. நீங்க என்னை வான்னு கூப்பிட்டதே இல்ல. சத்தம் கேட்டு நான் பாயில படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டிருப்பேன்" என்றான்.

மதினி ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி நன்றாய்த் தூங்கினார்கள்.

அடுப்பங்கரையில் வளர்ந்த குட்டி

பண்ணை வீட்டு அடுப்பங்கரையில் ஒரு பெட்டிக்குள் வைக்கோல் போட்டு இரண்டு குட்டிகளை வைத்திருந்தார்கள். தாய் இறந்துபோனவை. மணப்பெண்ணே கல்யாணத்துக்கு முந்தின நாள் கையில் மருதாணியோடு பால் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குட்டிகள் அவள் பின்னாலேயே ஓடும். எனக்குப் பார்க்க ஆசையாயிருந்தது. ஆனால் சம்பந்தி, "இப்படி வளர்கிற குட்டி கொழுத்து வளரும், மனுஷரோடு நன்றாய்ப் பழகும். மலையை மட்டும் அறியாது" என்றார்.

ஆகையால் அவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். வேறொரு ஆடு தன் குட்டியை இழந்திருந்தால், செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாக் குட்டிக்குச் சட்டைபோல மாட்டிவிடுகிறார்கள். அந்தத் தாய் முகர்ந்து பார்க்கிறது. தன் பிள்ளையின் வாசனை! உதைக்காமல் பால் கொடுக்கிறது. சில நாளில் தோலை எடுத்துவிடலாம், அதற்குள் பாசம் ஒட்டிக்கொள்ளும். தோலுடுத்த ஒரு குட்டி பால் குடிக்கிறதை நான் பார்த்தேன். மரித்த ஆட்டுக்குட்டியினிமித்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் நாம் என்று அறிந்திருக்கிற எனக்கு, அந்தத் தொழுவத்தில் நின்று ஸ்தோத்திரம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். பால் கொடுக்கப் புட்டி போதும். வழி காட்டத் தாய் வேண்டும். நல்ல பள்ளிக்கூடம், நல்ல சாப்பாடு, நல்ல செல்போன் எல்லாம் புட்டிப்பால் மாதிரி. பிள்ளை கொழுகொழு என்று வளரும். ஆனால் காற்று அடிக்கிற நாளில் எந்தப் பாறைக்குப் பின்னே ஒதுங்குவது என்று அதற்கு யார் காட்டினது?

2001-ம் ஆண்டு நடந்தது

கல்யாணம் ஊரிலுள்ள பழைய கல் ஆலயத்தில் நடந்தது. விருந்து பண்ணையின் பெரிய கொட்டகையில். பரிமாறினதும் ஆட்டிறைச்சிதான், ஆட்டை நேசிக்கிறவர்கள் ஆட்டைச் சாப்பிடுகிறதும் நம் ஊரைப் போலவேதான். அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வயதான தாயார், பெண்ணுக்கு உறவுக்காரர், 2001-ம் ஆண்டைப் பற்றிச் சொன்னார்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் அந்தத் தேசத்தில் கோமாரி நோய் பரவினது. நோயை அடக்க 60 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுமாடுகளையும் பன்றிகளையும் கொன்றார்கள். நோய் கண்ட பண்ணைகள் 2,000க்கு மேல். எல்லாவற்றிலும் அதிகமாய் அடிபட்டது கம்பிரியாதான். குளிருக்காகத் தாழ்நிலத்துக்கு அனுப்பியிருந்த இளம் ஆடுகளில் திரளானவை திரும்பி வரவேயில்லை. அந்தத் தாயாருடைய பண்ணையிலும் ஒன்றும் மிஞ்சவில்லையாம். "காலையில் எழுந்தால் சத்தமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை" என்றார்கள்.

இனம் அழிந்துபோகாதபடிக்கு விஞ்ஞானிகள் ஓடி வந்து, கிடாய்களின் வித்தைச் சேகரித்து உறையவைத்துப் பாதுகாத்தார்கள். ஆனால் மலையை அறிந்த அறிவை எந்தப் பெட்டியில் உறையவைக்க முடியும்? அது தாயிடமிருந்து குட்டிக்கு மட்டுமே போகிறது. வேறு ஆடுகளை விலைக்கு வாங்கலாம். அவை மலையில் விட்ட மறுநாளே கண்டபடி சிதறிப்போகும். தற்காலிக வேலி போட்டும், மேய்ப்பர் நாள்தோறும் மலையேறித் திருப்பி ஓட்டியும், வருஷக்கணக்காய்ப் பழக்கின பிறகே புது மந்தை நிலைக்கும்.

அதனால்தான் அந்தப் பகுதியில் பண்ணை கைமாறும்போது மந்தையும் பண்ணையோடேயே போகிற வழக்கம் உண்டு. குழந்தைகளுக்குக் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார், 1943-ல் மரித்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். தம்முடைய மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகளைத் தொடர்ந்து காக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார். நிலத்தை மட்டும் கொடுத்தால் போதாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிரியமானவர்களே, நியாயாதிபதிகள் 2-ம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். யோசுவாவும் அவனோடிருந்த மூப்பரும் போன பின்பு, கர்த்தரையும் அவர் செய்த கிரியையையும் அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று என்று பார்க்கிறோம். எத்தனை தலைமுறை தவறினது? ஒன்றே ஒன்று! தேசம் இருந்தது, வயல் இருந்தது, திராட்சத்தோட்டம் இருந்தது. வழி மட்டும் காணாமற்போயிற்று.

வழி தவறினவைகளும் உண்டு

இப்படியெல்லாம் பழக்கினாலும் ஒரு ஆடும் தப்பிப் போகாதா என்று அண்ணன் கேட்டார். போகும். பனிமூட்டத்தில் சில ஆடுகள் மலைக்கு அப்பாலும் இறங்கிவிடும். அதற்காகவே ஒவ்வொரு பண்ணைக்கும் தனி அடையாளம் உண்டு. ரோமத்தில் இன்ன இடத்தில் இன்ன நிறக் கோடு, காதில் இன்னவிதமான வெட்டு. ரோமத்தின் நிறம் கத்தரிக்கும்போது போய்விடும், காதின் அடையாளம் போகாது. இந்த அடையாளங்களையெல்லாம் படம் போட்டு ஒரு புஸ்தகமாக 1817-லேயே அச்சிட்டிருக்கிறார்கள். வருஷத்தில் குறித்த நாளில் மேய்ப்பர்கள் ஒரு இடத்தில் கூடி, தங்கள் மந்தையில் வந்து சேர்ந்த அந்நிய ஆடுகளை உரியவர்களிடம் ஒப்படைக்கிறார்கள்.

இது எனக்கு மிகவும் பிடித்தது. தாய் நன்றாய்க் காட்டியும் வழி தவறின பிள்ளைகள் உண்டு. உன் பிள்ளை அப்படிப் போயிருந்தால், தாயே, தகப்பனே, உன்னையே குற்றப்படுத்திக்கொண்டு சோர்ந்துபோகாதே. காதிலுள்ள அடையாளம் அழியாது. லூக்கா 15-ம் அதிகாரத்து இளைய குமாரன் தூர தேசத்தில் பன்றிகளின் நடுவில் இருந்தபோதும், அவன் நினைவுக்கு வந்தது தகப்பன் வீட்டுச் சாப்பாடுதானே! நம்மிடத்தில் வந்து ஒதுங்குகிற மற்றவர் பிள்ளைகளையும், அந்த மேய்ப்பர்களைப் போல, அடையாளம் பார்த்துத் திரும்பச் சேர்க்கிறவர்களாய் நாம் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

பவுல், தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது முதலாவது அவன் பாட்டி லோவிசாளையும், பிறகு தாய் ஐனிக்கேயாளையும் நினைவுகூருகிறார். தகப்பன் கிரேக்கன், ஊர் அந்நிய ஊர், வேலியில்லாத மலைதான். ஆனாலும் பாட்டியின் பக்கத்திலும் தாயின் பக்கத்திலும் நடந்த குட்டி நிலைத்துநின்றது. உபாகமம் 6-ம் அதிகாரத்தில் மோசே சொல்லுகிற இடங்களையும் பாருங்கள்: வீடு, வழி, படுக்கை, எழும்புதல். ஆலயத்தில் கழிகிற இரண்டு மணி நேரத்தை அவன் சொல்லவில்லை. பிள்ளை நம் பக்கத்திலேயே இருக்கிற நேரத்தைச் சொன்னான்.

இன்றைக்குப் பிள்ளைகளுக்கு நாம் வேலி போடப் பார்க்கிறோம். அங்கே போகாதே, இதைப் பார்க்காதே, அவனோடு சேராதே. சிறு வயதில் கொஞ்சம் வேலி வேண்டியதுதான். ஆனால் 18 வயதில் அவன் காலேஜுக்குப் போகிறான், 25 வயதில் கடல் கடந்து போகிறான். அங்கே உன் வேலி எட்டுமா? அவன் உன்னோடு நடந்த கோடைகாலம்தான் அங்கே அவனைக் காக்கும். அந்தக் கோடை குறுகியது, சகோதரியே. குட்டி உன் பக்கத்தில் இருக்கும்போதே அதை உபயோகப்படுத்திக்கொள். நீ எங்கே திரும்புகிறாய் என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது. பாயில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடினதுபோல இருந்துகொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறது.

குடும்ப ஜெபத்தில் கலந்து பேச

1. என் தாயோ பாட்டியோ செய்கிறதைப் பார்த்தே, யாரும் சொல்லாமல் நான் கற்றுக்கொண்ட ஒரு நல்ல பழக்கம் எது?

2. என் பிள்ளை இந்த வாரம் என் பக்கத்தில் சும்மா இருந்த நேரம் எவ்வளவு? அந்த நேரத்தில் அது என்னிடத்தில் எதைப் பார்த்தது?

3. நம் வீட்டில் புட்டிப்பால் மட்டும் கொடுத்து, வழி காட்டாமல் விட்ட காரியம் ஏதாவது உண்டா?

4. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற நம் சபைப் பிள்ளைகள் யார் யார்? அவர்கள் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு நாளும் ஒருவருக்காக ஜெபியுங்கள். ஜெபித்த அன்றே அவர்களுக்கு ஒரு போனும் பண்ணுங்கள்.